ஜீயபுரம் சாலையில் நின்றுபோன கார்

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பட்டறைக்குள் வந்தால், நீங்கள் உடனே வண்டியைத் தொடாதீர்கள். அவரை உட்கார வையுங்கள். கடைசியாக வண்டி ஒழுங்காக ஓடிய நாளிலிருந்து இன்றுவரை அதில் யார் யார் கை வைத்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஆட்களில் நீங்களும் ஒருவராக இருந்தால் உங்களிடமிருந்தே தொடங்குங்கள். இதை நான் கற்றுக்கொண்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விரல் நுனி சில்லிட்டுப் போகிறது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால்தானோ என்னவோ, மற்றவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கிறது என்ற பயம் எப்போதும் உண்டு. வீல் நட்டை மூன்று தடவை முறுக்குவேன். பட்டறையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாலக்கரையில் நான் வேலை பார்த்த பட்டறையில் எனக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "யாராவது சந்தேகத்தைக் கூப்பிடுங்கப்பா, நட்டை எண்ணிட்டுப் போகட்டும்" என்று சிரிப்பார்கள். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, இந்தப் பாலத்தை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. எங்கள் பட்டறைக்கு ஒரு டாக்டரம்மாவின் வண்டி வரும். கறுப்பு நிறத்தில் சின்னச் சீமை வண்டி. டாக்டரம்மா வேதக்காரர், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. புத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை. அது போக, யார் வந்து கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி வேதக் கோயிலுக்குப் போய்விட்டு நேரே நோயாளி வீட்டுக்குப் போகும். டிரைவர் காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் சும்மா இருக்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆயில் மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் போனார் பாய். பூஜை அன்றைக்குப் பட்டறையில் பதினோரு வண்டி நின்றது. எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை என்னுடையது. ஸ்பேனர், ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப் வரை வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், டாக்டரம்மாவின் கறுப்பு வண்டி மட்டும் வெறும் நெற்றியோடு நிற்கிறது.

வைப்பதா, வேண்டாமா? கேட்க பாயும் இல்லை. வைத்தால் அந்த அம்மா மனம் சங்கடப்படுமோ என்று ஒரு பயம். வைக்காமல் விட்டு, நாளைக்கு அந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஏதாவது ஆகிவிட்டால் என்று அதைவிடப் பெரிய பயம். கடைசியில் என் புத்திக்கு ஒரு வழி தோன்றியது. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்துவிடலாம். வண்டியின் பின்பக்கம், கீழே, பெட்ரோல் டேங்க் மூடி. அங்கே கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன். சீக்கிரம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைத்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சாமிக்கும் குறை இல்லை, டாக்டரம்மாவுக்கும் சங்கடம் இல்லை.

ஒரு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காதர் பாய் வியர்க்க விறுவிறுக்க ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாப்பா சந்தேகம். அம்மா மண்டபம் ரோட்டுல வண்டி படுத்துக்கிச்சு. செல்ஃப் ஜோரா சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது."

போனேன். டாக்டரம்மா ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? மூடியைத் திறந்து குச்சி விட்டேன். திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெட்ரோல் அரை டேங்க் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். பாய் செல்ஃபை அமுக்கினார். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பிளக்தாம்மா. கரி பிடிச்சிருந்துச்சு. துடைச்சுட்டேன், சரியாயிடுச்சு" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பிளக்குகளில் பெரிய கரி ஒன்றும் இல்லை. அது எனக்கே தெரியும். ஆனாலும் வண்டி ஓடிவிட்டதே! ஓடிய வண்டியைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த 'உஸ்'ஸை மறந்தேன். உலகத்தில் இல்லாததற்கெல்லாம் பயந்துகொண்டிருந்த நான், காதில் விழுந்த ஒரு சத்தத்தைக் கேட்காமல் விட்டேன்.

மறுநாள் பாய் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வழியில் டேங்கை நிரப்பியிருந்தார். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடு என்றார். பார்த்தேன், குறை ஒன்றும் தெரியவில்லை. அப்போது டாக்டரம்மாவே ஒரு குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கூட ஒரு ஆள், சைக்கிளில் வந்த வேகத்தில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஜீயபுரத்துக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டக்காரர். அக்கா மகளுக்கு மூன்று நாளாகத் தொண்டை வலி, இன்று மூச்சுவிடவே முடியவில்லை என்றார்.

"வண்டி ஆச்சாப்பா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆச்சும்மா. ஆனா..."

"அந்த 'ஆனா'வையும் தூக்கி வண்டியில போடுங்கம்மா" என்றார் பாய். "ஏறுப்பா. வழியில நின்னா தள்ளறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

வழி காட்ட அந்தத் தோட்டக்காரர் ஏறினார். ஸ்பேனர் பையோடு நானும் ஏறினேன். போகும்போது ஜீயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு தடவை இருமியது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதிரே ரோட்டைப் பார்த்தேன். எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். டாக்டரம்மா ஸ்பூனால் நாக்கை அமுக்கி ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். "தொண்டை அடைப்பான். இங்க ஒண்ணும் பண்ண முடியாது. தூக்கும்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். தாய் தலைமுடியைக்கூட முடிந்துகொள்ளாமல் அப்படியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். வண்டியில் இடம் இல்லாததால் தோட்டக்காரர் அங்கேயே நின்றுகொண்டார்.

திரும்பி இரண்டு மைல் வந்திருப்போம். இடது பக்கம் காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் வாழை. வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு நின்றுபோனது.

பாய் செல்ஃபை அமுக்கினார். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். பிடிக்கவில்லை. நான் இறங்கி பானட்டைத் தூக்கினேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" டாக்டரம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"தெரியலம்மா."

"தெரியலேன்னா சரி. தெரிஞ்சதும் சொல்லு. என்னால பத்து நிமிஷம் காத்திருக்க முடியும். அதுக்கு மேல இந்தப் புள்ளைக்குத் தாங்காது. கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்கணும். இங்க என்கிட்ட குழாய் இல்ல, வெறும் கத்திதான் இருக்கு."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து, ஒரு சின்னக் கத்தியை எடுத்து ஸ்பிரிட்டில் துடைக்க ஆரம்பித்தார். பாய் எதிரே ஏதாவது லாரி வருகிறதா என்று பார்க்க ரோட்டில் ஓடினார். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

பிளக் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். நீல நெருப்பு, பளிச்சென்று அடித்தது. ஆக, நெருப்பு இருக்கிறது. கார்பரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு பாயைக் கூப்பிட்டு செல்ஃபைச் சுற்றச் சொன்னேன். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினுக்கு வரவில்லை. அப்படியானால் நடுவில் இழுத்துத் தரும் பெட்ரோல் பம்ப் போய்விட்டது. வேறென்ன?

பம்பின் மேல் மூடிக்கு ஆறு திருகு. உள்ளே துணிபோல மெல்லிய ஒரு திரை உண்டு. பழைய பம்பைத் திறந்தால் பாதி நேரம் அந்தத் திரை கிழிந்துகொண்டுதான் வரும். மாற்றுத் திரை பாலக்கரையில் இருந்தது. இங்கே திறந்து கிழிந்தால், அந்த வண்டி அன்றைக்கு அந்த இடத்தை விட்டு நகராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் திருகில் கையை வைத்துவிட்டேன். பயந்தவனுக்குச் சும்மா நிற்க முடியாது. ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்று தோன்றும். நம் தொழிலில் பாதி நாசம் அந்தத் தோன்றலில்தான் நடக்கிறது.

வண்டிக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று டாக்டரம்மா அந்தத் தாயை வெளியே வரச் சொன்னார். அவள் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தபடி எனக்கு நேர் எதிரே, மட்கார்டு பக்கத்தில் வந்து நின்றாள். அப்போதுதான் நான் அந்தக் குழந்தையை முழுசாகப் பார்த்தேன்.

அது மூச்சை இழுத்தது. இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போனது. விலாவுக்கு நடுவில் தோல் பள்ளம் விழுந்தது. அவ்வளவு பலத்தையும் கூட்டி இழுக்கிறது; உள்ளே போவதோ நூலளவு. அந்த நூலளவு காற்று போகும்போது 'உஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம்.

"என் புள்ளைக்கு நெஞ்சு போயிடுச்சாம்மா?" என்று தாய் கேட்டாள்.

"இல்லம்மா. நெஞ்சு நல்லா இருக்கு. பாரு, எப்படி இழுக்கறா. இழுக்கற பலமெல்லாம் இருக்கு. காத்து வர்ற வழிதான் அடைச்சிருக்கு."

திருகின் மேல் இருந்த என் கை நின்றது.

இழுக்கிற பலம் இருக்கிறது. வழிதான் அடைத்திருக்கிறது. அந்த 'உஸ்' சத்தத்தை நான் நேற்று எங்கே கேட்டேன்?

ஒரு டேங்கிலிருந்து ஒரு குவளை பெட்ரோல் வெளியே போனால் அந்த இடத்துக்கு ஒரு குவளை காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் எப்பேர்ப்பட்ட பம்பும் ஒரு கட்டத்துக்கு மேல் இழுக்க முடியாது. அதற்காக அந்தக் காலத்து மூடியில் நேராக ஒரு துளை போட்டிருப்பார்கள். கடுகளவுதான் இருக்கும். அதை மூடினால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும், பிறகு மூச்சு முட்டி நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்று குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். நேற்று வண்டியை ஓட வைத்தது நான் துடைத்த பிளக் இல்லை. பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்ததுதான்.

பின்பக்கம் ஓடினேன். மூடி திரும்ப மறுத்தது. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. "பாய்!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து துணியைச் சுற்றி இரண்டு கையாலும் திருகினார். 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். அதோடு, உள்ளே ஒடுங்கியிருந்த டேங்கின் தகடு 'டொம்' என்று எழுந்துகொண்டது. நான் ஒரு அடி பின்னால் போனேன். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு அவ்வளவு கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பூட்டுக்கும் பாலத்துக்கும் பயந்தவன், என்னைச் சுற்றி எப்போதும் நிற்கிற அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

மூடியை அவரிடமிருந்து வாங்கி மேல்பக்கத்தைப் பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம். அதன் மேல் மங்கிய குங்குமம். குங்குமத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, வளைவு வளைவாக, அப்படியே பதிந்திருந்தது.

"ஊசி! யாருகிட்டயாவது ஊசி இருக்கா?"

தாய் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைப் பிடுங்கி நீட்டினாள். "அண்ணே, இது ஆகுமா?"

குத்தினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாயை வைத்து ஊதினேன்; மறுபக்கம் உள்ளங்கையில் காற்று பட்டது. மூடியைப் போட்டு, குழாயை மாட்டி, பம்பின் கைப்பிடியை நாலைந்து தடவை அடித்தேன். செத்துக் கிடந்த கைப்பிடியில் பெட்ரோலின் கனம் வந்து ஏறுவது விரலுக்குத் தெரிந்தது.

"அமுக்குங்க பாய்."

பிடித்துக்கொண்டது. பிடித்தது, நிற்கவே இல்லை. டாக்டரம்மா கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பாய் புத்தூர் வரைக்கும் வண்டியை விரட்டினார். எஞ்சினும் அந்தக் குழந்தையும் மாறி மாறி மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. ஒன்று நிற்குமோ, மற்றது நிற்குமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி அறைக் கதவுக்குக் கண்ணாடி உண்டு. யாரும் என்னைப் போகச் சொல்லாததால் அங்கேயே நின்றேன். மேசையைச் சுற்றி வெள்ளை முதுகுகள். டாக்டரம்மாவின் முழங்கை ஒரே ஒரு தடவை அசைந்தது. உடனே ஒரு சத்தம் கேட்டது, கதவுக்கு வெளியே வரைக்கும். 'உஸ்' என்று நீளமாக, முழுசாக, அடைபட்ட இடத்துக்குள் காற்று பாயும் சத்தம். மேசையிலிருந்து ஒரு சின்னப் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விரல் நகங்களில் இருந்த நீலம் போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிவப்பு வந்தது. என் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. யாரைக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அந்தக் கையையா, அந்தக் காற்றையா, ஒரு கடுகளவு துளையையா?

டாக்டரம்மா வெளியே வந்தபோது சொல்லிவிட்டேன். ஆயுத பூஜை, பொட்டு, உங்களைக் கேட்காமல் ஒளித்து வைத்தது, நேற்றே அந்தச் சத்தம் காதில் விழுந்தது, எல்லாவற்றையும். திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "நேத்து வண்டி எதனால சரியாச்சுன்னு சொன்னே?"

"பிளக்கைத் துடைச்சேன், அதனாலன்னு சொன்னேம்மா."

"நானும் ஒரு புள்ளைக்கு மருந்து குடுத்தேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்துச்சு. என் மருந்துதான் கேட்டுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் அந்தப் புள்ளை செத்துப்போச்சு, நான் பக்கத்துல இல்ல." சிலுவையை விரலால் ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "நீயாவது வண்டியோட வந்தியே. போ, கையைக் கழுவிட்டு ஏதாவது சாப்பிடு."

வெளியே வரும்போது அந்தத் தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. "அண்ணே, என் ஊக்கு?" என்றாள். அப்போதுதான் பார்க்கிறேன், அது என் சட்டைப் பையில் இருக்கிறது. சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தேன். பின்னால் நின்ற காதர் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு முழுக்க நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

நீங்கள் எல்லாம் என்னைவிடப் படித்தவர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். பயப்படுவது வேறு, கவனிப்பது வேறு. பயந்தவன் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பான், எதிரே நடப்பதை விட்டுவிடுவான். நீங்கள் ஏதோ செய்தீர்கள், வண்டி ஓடிவிட்டது என்றால், நீங்கள் செய்ததால்தான் ஓடியது என்று அவசரமாக நம்பிவிடாதீர்கள். வழியில் வேறு என்னவெல்லாம் தொட்டீர்கள், திறந்தீர்கள், என்ன சத்தம் கேட்டது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். நான் அதற்குப் பிறகும் பயந்தவன்தான். வீல் நட்டை மூன்று தடவை முறுக்குவதை விடவில்லை. முறுக்கும்போது காதையும் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை அன்றைக்குக் காலையிலேயே கறுப்பு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. ஆயில் மாற்றும் முறை அப்போது இல்லை. ரிப்பேரும் இல்லை. காதர் பாய் இறங்கி, பானட் மேல் சாய்ந்துகொண்டார்.

"என்ன பாய்?"

"அம்மா அனுப்பிச்சாங்க. வண்டிக்குப் பொட்டு வைக்கணுமாம்."

நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

"ஒளிச்சு வைக்கக் கூடாதாம். முன்னாடி வைக்கணுமாம், ஊரே பார்க்கற மாதிரி. சீக்கிரம் வைப்பா, எனக்கு வேலை இருக்கு."

பானட்டின் நடு நெற்றியில் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய், பெட்ரோல் மூடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். துளை வழியாகக் கடுகளவு வானம் தெரிந்தது.